டயபோலிக் படத்துல கறுப்புக் கண்ணாடி போட்ட டீச்சரா வர்றது யாரு? பொறவு எப்படி அவ்வளவு சீக்கிரம் கெழவி ஆனா?

குழித்துறை_பையன்:
நமக்கு பிரெஞ்சு படம் எல்லாம் புதுசு. வருசா வருசம் டிசம்பர்ல திருவனந்தபுரம் பிலிம் பெஸ்டிவலுக்கு பாஸ் எடுத்து களியக்காவிளையில பஸ் ஏறுத கூட்டுக்காரனுவ ரெண்டு பேரு எனக்கு உண்டு, அவனுவ தான் டயபோலிக் பாருலேன்னு சொன்னானுவ. 1955ல க்ளூசோ எடுத்த படம். ஒரு போர்டிங் ஸ்கூல், கொடுமைக்கார ஹெட்மாஸ்டர், அவனுக்க பொண்டாட்டி, அதே ஸ்கூல்ல டீச்சரா இருக்க அவனுக்க வைப்பாட்டி, ரெண்டு பொம்பளையளும் சேந்து அவன தீத்துக்கட்டப் பாக்குதாவ. அந்த வைப்பாட்டியா வர்றவ இருக்காளே, குட்டையா வெட்டின முடி, அடிவாங்கி கறுத்த கண்ண மறைக்க ஒரு கறுப்புக் கண்ணாடி, வாயில சிகரெட்டு, யாரப் பாத்தும் ஒரு பயம் கெடையாது. படம் முடிஞ்ச பொறவும் அந்த மூஞ்சி மனசுலயே நின்னுச்சு.

அடுத்து அதே பயலுவ மேடம் ரோசான்னு ஒரு படம் காட்டினானுவ, 1977. ஆறாவது மாடி வரைக்கும் மூச்சு வாங்கி படி ஏறுத ஒரு தடிச்ச கெழவி. பாதி படத்துல தான் சொல்லுதானுவ, லேய் இது அந்த டீச்சராக்கும்னு. எனக்கு நம்பிக்கையே வரல. இடையில இருபத்திரண்டு வருசம் தானே? நம்ம ஊரு ஹீரோயின் எல்லாம் அம்பது வயசுலயும் எப்படி வச்சிருக்காவ. இவளுக்கு ஏதும் சூக்கேடா? குடியா? இல்ல மேக்கப்பா? பேரு சிமோன் சிக்னோரேன்னு தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. வெவரம் உள்ளவங்க சொல்லுங்க.

கொல்லங்கோடு_டீச்சர்:
தம்பி, முதல்ல ஒரு விசயம், டயபோலிக் முடிவ இங்க யாரும் எழுதிராதீங்க. அந்த படமே கடைசியில கார்டு போட்டு, பாக்காத ஆளுகிட்ட சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிடுது.

இனி சிக்னோரே. பிறந்தது 1921 மார்ச் 25, ஜெர்மனியில வீஸ்பாடன்ல. முதல் உலகப்போர் முடிஞ்சு பிரெஞ்சுப் பட்டாளம் அங்க இருந்த சமயம், அப்பாவுக்கு அங்க வேலை. அப்பா பேரு ஆந்த்ரே காமின்கர், யூத வம்சம், மொழிபெயர்ப்புல பெரிய கை, பிற்காலத்துல ஐ.நா.வுல எல்லாம் இன்டர்பிரெட்டரா இருந்தவரு. பொண்ணு வளந்தது பாரிஸ் பக்கத்துல நுயிய்னு ஒரு வசதியான எடத்துல. 1940ல ஜெர்மன்காரன் பாரிசப் பிடிச்சதும் அப்பா லண்டனுக்கு, ஜெர்மன்காரன எதிர்த்து நின்ன பிரெஞ்சு ஜெனரல் டிகோல் பக்கம் போயிட்டாரு. வீட்டுல அம்மை, ரெண்டு தம்பிமாரு, சம்பாதிக்க இவ ஒருத்தி தான். கூடப்படிச்சவளுக்க அப்பன் நடத்தின பத்திரிகையில டைப்பிஸ்ட்டா போய்ச் சேந்தா. அந்த பத்திரிகை யாருக்கு வால் பிடிச்சதுன்னு நெனைக்கீங்க, ஜெர்மன்காரனுக்கு! அப்பா யூதரு, மகளுக்கு சோறு போட்டது நாஜிக்கு ஜால்ரா அடிச்ச பேப்பரு. இத அவ மறைக்கவே இல்ல, 1976ல எழுதின சுயசரிதையில அவளே வெளாவாரியா சொல்லியிருக்கா. அந்த பத்திரிகை முதலாளி லூஷேர போர் முடிஞ்சதும் 1946ல சுட்டுக் கொன்னாங்க.

கொஞ்ச மாசத்துல அந்த வேலைய விட்டுட்டு பாரிஸ்ல கஃபே த ஃப்ளோர்ங்கிற காப்பிக்கடையில எழுத்துக்காரங்க, நாடகக்காரங்க, பெயின்டருங்க கூட்டத்தோட சேந்தா. சினிமாவுல நடிக்க அப்ப லைசென்ஸ் மாதிரி ஒரு கார்டு வேணும், பாதி யூதப் பொண்ணுக்கு அது கெடைக்காது, அதனால கூட்டத்துல ஒருத்தியா நின்னே தான் பொழைப்பு. காமின்கர்ங்கிற பேர எடுத்துட்டு அம்மைக்க குடும்பப்பேரு சிக்னோரேன்னு வச்சதும் அந்த சமயம் தான். 1942ல மார்செல் கார்னே எடுத்த லே விசித்தர் துய் சுவார்ல கூட்டத்துல நிக்குதா பாருங்க, தேடினா தான் கெடைக்கும்.

ஹீரோயினா ஆனது போருக்கு பொறவு. இவ் அல்லெக்ரேன்னு டைரக்டர், அவரு தான் முதல் புருசன், 1946ல கத்ரீன்னு மக பிறந்தா. 1948ல தெதே தான்வேர், 1950ல லா ரோந்து, ரெண்டுலயும் வேசி வேசம். அந்த காலத்துல அவளப் பாத்தாலே டைரக்டர்மாருக்கு அந்த மாதிரி பாத்திரம் தான் தோணிச்சு போல. 1952ல வந்த காஸ்க் தோர் தான் பெரிய படம், ழாக் பெக்கெர் எடுத்தது, 1900 வாக்குல பாரிஸ் ரவுடிக்கூட்டத்துக்கு நடுவுல ஒரு பொன்முடிக்காரி. எனக்கு உலகத்துலயே பிடிச்ச படங்கள்ல ஒண்ணு. பிரான்சுல அது ஓடல, கேட்டுக்கிடுங்க. இங்கிலாந்துக்காரன் தான் தலையில தூக்கி வச்சு ஆடினான், அவனுக்க சினிமா விருது பாஃப்டாவும் குடுத்தான். பாக்கிய பொறவு எழுதுதேன், பேப்பர் திருத்தக் கெடக்கு.

ரப்பர்தோட்டம்:
டீச்சர் நீங்க வரலாறு எடுக்கீங்க, பய கேட்டது வேற. நான் சொல்லுதேன் நேரா. குடியும் சிகரெட்டும் தான். அவ்வளவு அழகா இருந்த ஒருத்தி இப்படியா தன்ன விடுவா? சினிமாக்காரிக்கு ஒடம்பு தான் மொதல். அத பாக்காம விட்டது அவளுக்க பெழைன்னு தான் எனக்கு தோணுது. இதுக்கு போயி எல்லாரும் கை தட்டுதாவ.

தக்கலை_மீனா:
ரப்பர் அண்ணே, பிரெஞ்சு நடிகரு ஜான் கபேன் தொப்பையும் நரையுமா வந்து நின்னா கம்பீரம்ங்கிறீங்க, மம்முட்டி தாடி நரைச்சு வந்தா விசில் அடிக்கீங்க. பொம்பளை நரைச்சா மட்டும் பெழையா? நம்ம சுகுமாரி நாகர்கோவில்ல பிறந்தவங்க தானே, தமிழ் மலையாளம் ரெண்டுலயும் அவங்க இல்லாத படமே இல்லன்னு சொல்லலாம், எளம் வயசுலயே அம்மா வேசம் கட்டினாங்க, யாராச்சும் அவங்களுக்குன்னு ஒரு கதை எழுதினானா? 2010ம் வருச தேசிய விருது கெடைச்சதும் பாட்டி வேசத்துக்குத் தான், அதுவும் துணை நடிகை. சிக்னோரேக்கு அம்பதுக்கு மேல தான் படம் முழுக்க அவ தோள்ல நிக்குத கதை கெடைச்சுது. எனக்கு அதப் பாத்து பொறாமையா இருக்கு, அவ்வளவு தான்.

ரப்பர்தோட்டம்:
மம்முட்டிய ஏம்மா இதுல இழுக்க.

வேலந்தாவளம்_செல்வன்:
நான் பாலக்காடு பக்கமுங்க, பார்டர்ல கடை வச்சிருக்கேன், ராத்திரி ஷட்டர் போட்டதுக்கு அப்புறம் தான் படமெல்லாம். இந்தம்மா படம் ஏகத்துக்கும் பாத்துருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

வயசப் பத்தி பேசறதுக்கு முன்னாடி ரூம் அட் த டாப் பாத்துடுங்க, 1959ல வந்த இங்கிலீஷ் படம், ஜாக் கிளேட்டன் டைரக்சன். மில்லு ஊருல பணக்காரப் பொண்ணைக் கட்டி மேல ஏறணும்னு அலையற ஒரு பையன், அவனை நெசமா விரும்பற கல்யாணமான பொம்பளையா இவங்க. அந்த பாத்திரம் என்னன்னா எளமை கழிஞ்சு போச்சுன்னு ஊரு முடிவு பண்ணிட்ட ஒருத்தி. படம் எடுக்கறப்ப இவங்களுக்கு 37 வயசு. வேற எந்த ஹீரோயினா இருந்தாலும் லைட்ட இப்படி வை, கேமராவ அப்படி வைன்னு ஒரு வழி பண்ணியிருப்பாங்க. இவங்க கண்ணுக்கு கீழ இருக்கற சுருக்கத்தோட அப்படியே வந்து உக்காந்தாங்க. கான்ஸ் பிலிம் பெஸ்டிவல்ல நடிகை பரிசு, பாஃப்டா, கடைசியில 1960 ஏப்ரல்ல ஆஸ்கரும் வந்துச்சு. கூட போட்டியில யாருங்கறீங்க, ஆட்ரி ஹெப்பர்ன், கேத்தரின் ஹெப்பர்ன், எலிசபெத் டெய்லர், டோரிஸ் டே. ஹாலிவுட்ல ஒரு படம் கூட நடிக்காம போயி அந்த நாலு பேரையும் தாண்டி வாங்கிட்டு வந்தாங்க. அதனால தன்னை விட்டுட்டாங்கன்னு ரப்பர் அண்ணன் சொல்றத நான் ஏத்துக்க மாட்டேனுங்க, வயசைக் காட்டித் தான் அந்த பரிசே.

அடுத்தது அரசியல். அது இல்லாம இவங்க கதை பாதி தான். இவ் மோன்டானை, பாட்டுக்காரர், 1949 ஆகஸ்ட்ல தெற்கு பிரான்சுல சாம்போல் த வான்ஸ்ங்கற ஊருல பாத்தாங்க, கொலோம்ப் தோர்னு ஒரு ஓட்டல் இருக்கு அங்க. பாத்த அன்னிக்கே முடிஞ்சு போச்சுன்னு வைங்க, 1951ல அதே ஊருல கல்யாணம். காஸ்க் தோரையே அவரை விட்டு பிரிய மனசில்லாம வேண்டாங்க பாத்தாங்களாம். ரெண்டு பேரும் இடதுசாரி, கம்யூனிஸ்ட் கட்சி கார்டு இல்லாட்டியும் கட்சிக்கு ரொம்ப கிட்ட. அணுகுண்டு எதிர்ப்புல கையெழுத்து போட்டதுனால அமெரிக்கா ரொம்ப வருசம் விசாவே குடுக்கல. நம்ம பாலக்காட்டுக்காரனுக்கு இது நல்லா புரியும், டீக்கடைக்கு டீக்கடை இப்படி ஆளு இருந்த ஊருங்க. 1956ல ஹங்கேரிக்குள்ள சோவியத் டாங்கி போன சமயம் மோன்டானுக்கு மாஸ்கோவுல கச்சேரி புக் ஆயிருந்துச்சு. போனா வலதுசாரி திட்டுவான், போகாட்டி கட்சிக்காரன் திட்டுவான். போனாங்க, ஆனா சோவியத் தலைவர் குருஷ்சேவ் கூட சாப்பிட உக்காந்தப்ப ஹங்கேரியில செஞ்சது என்னன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. நம்மூர்ல ஒரு வார்டு மெம்பர்கிட்ட கேக்கவே யோசிப்போம். அல்ஜீரியா போரப்ப, 1960ல, போருக்கு போக மாட்டேங்கற பசங்களை ஆதரிச்சு 121 பேரு ஒரு அறிக்கை விட்டாங்களே, அதுலயும் இவங்க பேரு உண்டு, ஆஸ்கர் வாங்கின அதே வருசம். அதுல கையெழுத்து போட்டவங்களுக்கு அரசு ரேடியோ டிவியில எடமில்லைன்னு ஆச்சு.

அதுக்கப்புறம் 1970ல கோஸ்டா காவ்ராஸ் எடுத்த லாவ்யூ. செக்கோஸ்லோவாகியாவுல சொந்தக் கட்சியே பொய்க்கேசு போட்டு உள்ள தள்ளின ஆர்தர் லண்டனோட கதை, மோன்டான் அவரா, இவங்க அவரு மனைவியா. இருபது வருசம் தோழன்னு நெனைச்ச ஆளுங்களுக்கு எதிரா நடிக்கறது சாதாரணமில்லைங்க. எனக்கென்னமோ இவங்க மூஞ்சியில விழுந்த கோடு பூரா இதுலருந்து தான் வந்துச்சுன்னு தோணும்.

அருமனை_சாயாக்கடை:
மர்லின் மன்றோ மேட்டர் யாரும் சொல்லலையே. அந்த கவலையில தான் இவ குடிக்க ஆரம்பிச்சான்னு கேள்வி.

கொல்லங்கோடு_டீச்சர்:
சொல்லாம இருக்க முடியாது, ஆனா அதோட முடிச்சுக்கிடுவோம். 1960ல மோன்டான் லெட்ஸ் மேக் லவ் படத்துக்காக ஹாலிவுட்ல, ஜோடி மர்லின். பெவர்லி ஹில்ஸ் ஓட்டல்ல பக்கத்து பக்கத்து பங்களா, இந்தப் பக்கம் இவங்க ரெண்டு பேரு, அந்தப் பக்கம் மர்லினும் புருசன் ஆர்தர் மில்லரும். மில்லர் எழுதின குரூசிபிள் நாடகத்த இவங்க பாரிஸ் மேடையில போட்டு, 1957ல படமாவும் பண்ணியாச்சு, திரைக்கதை பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்ரு. அதனால நாலு பேரும் நல்ல பழக்கம். ஆஸ்கர வாங்கிட்டு சிக்னோரே அடுத்த படத்துக்கு ஐரோப்பா திரும்பினா, மில்லரும் அந்த சமயம் ஊர்ல இல்ல, பின்ன நடந்தது பேப்பர் பூரா வந்துச்சு. நிருபர்மாரு இவ வாசல்லயே கெடந்தானுவ. அந்த பொண்ண நான் ஒருநாளும் வெறுத்ததில்லன்னு பின்னால புத்தகத்துல எழுதினா. மோன்டான விட்டுப் போகவும் இல்ல, 1985ல சாவுத வரைக்கும் கூடத்தான் இருந்தா. வேதனை இல்லன்னு யாரும் சொல்லல்ல. குடிச்சதும் உள்ளது தான், ஒரு நாளு ஒரு பாக்கெட்டுல நிக்காத சிகரெட்டும் உள்ளது தான். ஆனா ஒரு பொம்பளைக்க நாப்பது வருச வேலைய புருசன் வேற ஒருத்தி பின்னால போன கொஞ்ச மாசத்துக்குள்ள கொண்டு அடைக்கப் பாக்குதது எனக்கு பிடிக்கல்ல, சாயாக்கடை.

இதவிட நல்ல கதை ஒண்ணு இருக்கு. நீனா சிமோன்னு பாடகி கேட்டிருப்பீங்க. அவ உண்மைப் பேரு யூனிஸ் வேமன். 1954ல அட்லாண்டிக் சிட்டி பார்ல பியானோ வாசிக்கப் போனப்ப, பாதிரியாரா இருந்த அம்மைக்கு தெரியக்கூடாதுன்னு பேர மாத்தினா. அந்த சிமோன் நம்ம சிமோன் தான், காஸ்க் தோர் பாத்த மயக்கம்.

பழைய_டெலிகேட்:
சித்ரலேகா பிலிம் சொசைட்டி 1965ல டைரக்டர் அடூர் கோபாலகிருஷ்ணன் ஆரம்பிச்ச பொறவு திருவனந்தபுரத்துல இந்த மாதிரி படம் பாக்குத பழக்கம் எங்க தலைமுறைக்கு வந்துச்சு, தம்பானூர்ல கடைசி பஸ்ஸ விட்டா பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல தான் தூக்கம். நான் சொல்ல வந்தது ஆர்மி ஆஃப் ஷேடோஸ். 1969, மெல்வில் டைரக்சன். ஜெர்மன்காரனுக்கு எதிரா ரகசியமா வேலை செஞ்ச ஒரு சின்ன கூட்டம், அதுல மத்தில்துன்னு ஒரு வீட்டம்மா. புருசனுக்கும் மக்களுக்கும் கூட தெரியாது இவ என்ன செய்யான்னு. நர்சு வேசம் போட்டு ஆம்புலன்சோட ஜெயிலுக்குள்ளயே போவா பாருங்க, எனக்கு கை வெறைச்சுது. துப்பாக்கிச்சூடு, ஓட்டம், சாட்டம் அதிகம் இருக்காது, எல்லாம் மெதுவாத்தான் போகும், ஆனா மூச்சு விட முடியாது. அவ கைப்பையில மகளுக்க போட்டோ ஒண்ணு வச்சிருப்பா, அத கூட வச்சிருக்காதன்னு கூட்டத்துக்குத் தலைவனா வர்ற லினோ வெந்தூரா சொல்லுவான். அதுக்கு மேல சொல்ல மாட்டேன். நாஜி பேப்பர்ல டைப் அடிச்சு வீட்டக் காப்பாத்தின பொண்ணு தான் இந்த வேசம் கட்டினது, அத தெரிஞ்சு பாத்தா வேற மாதிரி இருக்கும். அமெரிக்காவுல இந்த படம் தியேட்டருக்கு வந்தது 2006ல தான், வந்த உடனே அங்க உள்ள விமர்சகன்மாரு அந்த வருசத்துக்க நல்ல படங்கள்ல சேத்துட்டானுவ.

குழித்துறை_பையன்:
எல்லாருக்கும் நன்றி. மேடம் ரோசா மேக்கப்பா இல்லையான்னு யாரும் சொல்லல்ல. அதுல அவ நெசமாவே சாகப்போற மாதிரி இருந்துச்சு, எனக்க பாட்டிய பாத்த மாதிரி ஆயிட்டு. டீச்சர் இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.

கொல்லங்கோடு_டீச்சர்:
அவளுக்கு அப்ப 56 தான் வயசு. அறுபதத் தாண்டின, ஒடம்புக்கு முடியாத கெழவி வேசம், அதுக்கான ஒப்பனை இருக்கத்தான் செய்யும், ஆனா அந்த நடை, மாடிப்படியில பாதியில நின்னு கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு மேல பாக்குத பார்வை, அதெல்லாம் மேக்கப் மேன் தர்றதில்லல்லா. கதை என்னன்னா, ரோசா முன்ன வேசி, ஆஷ்விட்ஸ் நாஜி கொலை முகாம்ல இருந்து தப்பி வந்த யூதப் பொம்பளை, வயசானதும் மத்த வேசிமாருக்க பிள்ளைய காசுக்கு வளக்குதா. அதுல மோமோன்னு ஒரு அரபுப் பய. இஸ்ரேல் அரபு சண்டை கொதிச்சுக்கிட்டு இருந்த வருசங்கள்ல யூதக் கெழவியும் முஸ்லிம் பயலும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடுத கதை. ரொமேன் கரி எமில் அஜார்னு கள்ளப்பேருல எழுதி 1975ல பிரான்சுக்க பெரிய இலக்கியப் பரிசு கோன்கூர வாங்கின நாவல் அது. படத்துக்கு 1978ல வெளிநாட்டுப் பட ஆஸ்கர், இவளுக்கு பிரெஞ்சு சினிமா விருது சீசர். அவ அப்பா வழி சனம் என்ன பாடுபட்டதுன்னு தெரிஞ்சவ, பாத்திரத்துக்குள்ள எறங்க ரொம்ப தூரம் போகவேண்டியிருக்கல்ல. நெட்பிளிக்ஸ்ல 2020ல சோபியா லோரன் இதே ரோசாவா வந்தாங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா லோரன்கிட்ட அந்த பழைய அழகு இன்னும் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

கடைசி காலத்துல கண்ணு மங்கிப்போச்சு. அந்த நெலமையிலயும் அத்யூ வொலோதியான்னு ஒரு பெரிய நாவல், போலந்து உக்ரைன்ல இருந்து பாரிசுக்கு வந்த யூதக் குடும்பங்களப் பத்தி, 1985 தொடக்கத்துல வந்து நல்லா வித்துச்சு. அதே வருசம் செப்டம்பர் 30ல நார்மண்டியில உள்ள வீட்டுல கேன்சர்ல போய்ச் சேந்தா, 64 வயசு. பாரிஸ்ல பெர் லாஷேஸ் கல்லறைத்தோட்டத்துல அடக்கம். மோன்டான் 1991ல போனப்ப பக்கத்துலயே வச்சாங்க.

தக்கலை_மீனா:
பையா, பாக்குத வரிசை கேட்டா நான் சொல்லுவேன், காஸ்க் தோர், ரூம் அட் த டாப், ஆர்மி ஆஃப் ஷேடோஸ். லாவ்யூ கனம், அத கொஞ்சம் தள்ளி வச்சுக்க. தெரேஸ் ராக்கின், 1953, விட்டுராத, கார்னே தான், கூட்டத்துல நிறுத்தின அதே ஆளு பத்து வருசம் கழிச்சு ஹீரோயினா வச்சு எடுத்தாரு. ரப்பர் அண்ணனுக்கு லு ஷா.

ரப்பர்தோட்டம்:
எனக்கு மட்டும் ஏன் தனியா?

தக்கலை_மீனா:
பாத்துட்டு சொல்லுங்க.

ரப்பர்தோட்டம்:
பாத்தாச்சு. 1971 படம், ஜான் கபேன் புருசன், இவ பொண்டாட்டி. கல்யாணம் ஆகி ரொம்ப வருசம் ஆனதுங்க, ஒருத்தருக்கொருத்தர் பேச்சு கெடையாது, துண்டுச்சீட்டுல எழுதித் தூக்கிப் போடுதாவ. அந்தாளு பேசுறது பூரா பூனைகிட்ட. ஊரே சுத்தி இடிச்சு தள்ளுதான் புதுசா பிளாட் கட்ட, நம்ம நாலுவழிச்சாலைக்கு வீடு போனப்ப கெடந்த மாதிரி தூசியும் சத்தமும், நடுவுல இவங்க வீடு மட்டும் நிக்குது. அவ ஒரு காலத்துல சர்க்கஸ்ல ஊஞ்சல் ஆடினவளாம், இப்ப காலு நொண்டி, ரம்மு குடிக்கா. குடிக்குத சீன்ல நான் முதல்ல சிரிச்சேன், பாத்தீயளா நான் சொன்னது தானேன்னு. பொறவு சிரிக்க முடியல்ல. அவரு பூனைய மடியில வச்சு தடவுத நேரம் இவ கதவுப் பக்கத்துல நின்னு பாக்குதா, ஒரு வசனம் கெடையாது. பூனைக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல மாட்டேன், டீச்சர் திட்டுவாவ. பெர்லின் பிலிம் பெஸ்டிவல்ல ரெண்டு பேருக்கும் பரிசு குடுத்தானாம், குடுக்கட்டும், கொள்ளாம்.

ஆனாலும் சொல்லுதேன், டயபோலிக்ல உள்ள மாதிரி வராது.

தக்கலை_மீனா:
ஒத்துக்கிட மாட்டீங்க, இல்லையா?

ரப்பர்தோட்டம்:
வீட்டுக்காரி கூட இருந்து பாத்தா. படம் முடிஞ்சதும் ரெண்டு நாளா எங்கிட்ட சரியா பேசல்ல, நான் என்ன செஞ்சேன்னு தெரியல்ல. அந்த காஸ்க் தோர் எதுல கெடைக்கும்னு சொல்லு, அதுல பூனை இல்லல்லா?